இடுப்புக்கு ரெண்டு பக்கம்

மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தில்தான்
அந்தக் கணக்கைத் தொடங்கினோம்
ஜெமீலாவும் நானும்.
செம்மண்டலத்தில் ஒரே குடியிருப்பு.
அவள் வீடு கீழே, என் வீடு மேலே,
நடுவில் பதினெட்டுப் படிகள்.

ஒரு பிள்ளையைப் பார்க்க எட்டாயிரம் என்றால்
இரண்டு பிள்ளைக்குப் பதினாறா?
ஐயோ என்றோம் ஒரே குரலில்.
அப்போ பத்து. ஆளுக்கு ஐந்து.
நன்றாகத்தான் இருந்தது.
இன்னொரு டீ போட்டுக் குடித்தோம்.

ருமானாவுக்கு எட்டு மாதம், மடியை விட்டு இறங்கமாட்டாள்.
மகிழனுக்கு இரண்டரை வயது, மடியில் ஏறமாட்டான்.
எதற்கு வேலை அதிகம்,
தூக்குவதற்கா, துரத்துவதற்கா?
என் கணவர் செல்போனில் கட்டம் போட்டார்.
ஆறரை மணி நேரம் அவளுக்கு,
ஐந்தே முக்கால் இவனுக்கு.
இரண்டும் சேர்ந்து தூங்கும் ஒன்றரை மணியை
யார் கணக்கில் எழுதுவது என்று தெரியாமல்
மஞ்சள் அடித்து வைத்தார்.
'பஸ்ஸு பொம்பளைங்களுக்கு இலவசந்தானே'
என்று பயணப்படி வரியையும் நீக்கினார்.

ஞாயிறு சாயங்காலம் அஞ்சலாட்சி வந்தாள்,
தாழங்குடாவிலிருந்து.
கட்டம் முழுவதையும் வாசித்துக் காட்டினோம்.
கேட்டு முடித்து எழுந்தாள்.
ருமானாவை வாங்கி இடது இடுப்பில் வைத்தாள்.
மகிழனை, அவன் உதைக்க உதைக்க, வலது இடுப்பில்.
'இடுப்புக்கு ரெண்டு பக்கம் இருக்கும்மா.
முதுகு ஒண்ணுதான்.'

பிறகு அவள் கணக்கு, காகிதம் இல்லாமல்.
ஏழு மணிக்கு முன்னால் அந்தப் பக்கம்
இலவச பஸ் கிடையாது, ஷேர் ஆட்டோதான்.
போக இருபது. வர, நேரமானால், முப்பது.
ரம்ஜானுக்கு இவங்க பரங்கிப்பேட்டை போனா,
மே மாசம் நீங்க ஊருக்குப் போனா,
அந்த மாசச் சம்பளம் என்ன?
கார்த்திகையில் புயல்னு லீவு விட்டா?
பதிமூணு குடுங்க.

பதினொன்று என்றேன் நான்.
யோசிக்கவே இல்லை,
துணிக்கடையில் சொல்வதுபோல்
வாய் தானாகச் சொன்னது.

இரண்டு நாள் முன்புதான், வெள்ளிக்கிழமை,
மஞ்சக்குப்பத்தில் எங்கள் வங்கி வாசலில்
அட்டை பிடித்து நின்றேன்.
நிர்வாகமே, நிலுவைத் தொகையை உடனே வழங்கு.
தொண்டை இன்னும் கட்டியிருந்தது.
அதே கட்டின தொண்டையில்தான்
பதினொன்று வந்தது.

ஜெமீலா சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
அரசு ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில்
ஒப்பந்த வேலை அவளுக்கு, மாதம் பதினைந்து.
பதிமூன்றில் பாதி ஆறரை.
அவளுடைய ஆறரையும் என்னுடைய ஆறரையும்
ஒரே எண் இல்லை என்பது
கட்டத்தில் எங்கேயும் இல்லை.

நான் எட்டரை தருகிறேன் என்றேன்.
'ஏன், நாங்க என்ன' என்று
பாதியில் நிறுத்தினாள்.
முகம் சிவந்துவிட்டது.
'என் பையன்தானே ஓடுறான்.
துரத்துறதுக்குத் தனியா ரெண்டாயிரம்.'
அவள் நம்பவில்லை.
நம்பாமலே தலையாட்டினாள்.
நாலரைக்கு மேல் ஒரு பைசா குறையாது,
ஒன்றாம் தேதி தவறாது என்று
அஞ்சலாட்சியிடம் அவளே சொன்னாள்,
என்னிடம் சொல்லவில்லை.

அந்த வாரம் முழுக்கப் படியில் பார்த்தால்
குழந்தைகளின் சளியைப் பற்றி மட்டும் பேசினோம்.

மஞ்சள் கட்டம் இன்னும் அப்படியே இருக்கிறது.
ரெண்டும் தூங்குறப்போ என்ன பண்ணுவீங்க,
சும்மாதான் கேட்டேன் ஒருநாள்.
'சும்மாதான் கேக்குறீங்களா?' என்றாள்.
'தரையில படுப்பேன். சித்த நேரம்.
இன்னிக்கு அதுக்குள்ள உங்க பையன்
தண்ணி டிரம்முல செருப்பப் போட்டுட்டான்.'

தீபாவளி போனஸ் பற்றி
இதுவரை யாரும் பேச்செடுக்கவில்லை.
புரட்டாசி பிறந்துவிட்டது.